வரைபடத்தில் இருட்டாக இருக்கும் இடத்தில் யாருமே இல்லையா?

கருநீலப் பின்னணி. அதன் மேல் சிலந்தி இழை மாதிரி எண்ண முடியாத அளவுக்கு மெல்லிய கோடுகள். ஐரோப்பாவும் அமெரிக்காவின் கிழக்குப் பக்கமும் வெள்ளை வெளேரென்று எரிகின்றன, சீனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரே இருட்டு. வாட்ஸாப்பில் வருஷக்கணக்காகச் சுற்றும் படம் இது. "உலகத்தில் எங்கெல்லாம் இண்டர்நெட் இருக்கிறது பாருங்கள்" என்று ஒரு வரியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்காக இந்தப் படத்தை பிரிண்ட் எடுத்து சார்ட்டில் ஒட்டப் போனவள், பசை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "சித்தப்பா, சீனாவுல நெட்டே கிடையாதா?"

நல்ல கேள்வி. அந்தப் படம் வெளியானது 2010 டிசம்பர். அப்போது சீனாவில் இணையம் பயன்படுத்தியவர்கள் ஏறக்குறைய 45 கோடி பேர், உலகத்தில் வேறு எந்த நாட்டையும் விட அதிகம். கூட்டம் அதிகமாக இருந்த இடமே அந்தப் படத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத காடு மாதிரி தெரிகிறது.

படத்தில் தப்பில்லை, அதை வரைந்தவரும் எதையும் மறைக்கவில்லை. கைமாறிக் கைமாறி வந்ததில் அதன் உண்மையான தலைப்பு எங்கேயோ விழுந்துவிட்டது, அவ்வளவுதான். இணையத்தைப் பற்றிய அழகான வரைபடங்கள் பலவற்றுக்கும் இதே கதிதான். எல்லோரும் பகிர்கிறோம், "நாம எங்க இருக்கோம் பாரு" என்று பேசுகிறோம், ஆனால் அந்தப் படத்தில் எதை எண்ணினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பழக, அடிப்படையிலிருந்து ஆரம்பிப்போம்.

முதலில் இரண்டு தெரு

மேலத்தெருவில் 200 வீடு, அதில் 50 வீட்டில் வைஃபை இருக்கிறது. கீழத்தெருவில் 10 வீடு, அதில் 9 வீட்டில் இருக்கிறது. எந்தத் தெருவில் இணையம் அதிகம்?

இரண்டு பதிலும் சரி. எண்ணிக்கையைப் பார்த்தால் மேலத்தெரு, 50 வீடு. நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால் கீழத்தெரு, 90. மேலத்தெருவில் நூற்றுக்கு 25 தான். மொத்த மக்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இணையம் பயன்படுத்துகிறார்கள் என்கிற கணக்குக்குப் பெயர் இணையப் பரவல். செய்தியில் "இணையப் பயன்பாட்டில் இந்தியா முன்னணி" என்று ஒரு நாள் வரும், "இந்தியா பின்தங்கியது" என்று இன்னொரு நாள் வரும், பல நேரம் இரண்டுமே உண்மை. முதலாவது எண்ணிக்கையைப் பார்த்து எழுதியது, இரண்டாவது பரவலைப் பார்த்து எழுதியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டை எண்ணுகிறோமா, ஆளை எண்ணுகிறோமா, சிம் கார்டை எண்ணுகிறோமா? உலக அளவில் கணக்கு வைக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஆளை எண்ணுகிறது. கடந்த 3 மாதத்தில் எங்கிருந்தாவது ஒரு தடவை இணையத்தைப் பயன்படுத்தியிருந்தால் அவர் பயனாளி. நம் நாட்டில் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பின் அறிக்கைகளோ இணைப்பை எண்ணுகின்றன. அதனால்தான் டெல்லியில் 100 பேருக்கு 200-க்கும் மேல் தொலைபேசி இணைப்புகள் என்று அதில் வரும். ஒரே ஆள் சட்டைப்பையில் இரண்டு சிம் இருந்தால் அந்தக் கணக்கில் அவர் இரண்டு. வெளியூர்க்காரர் டெல்லியில் வாங்கிய சிம்மும் டெல்லிக் கணக்கில்தான் சேரும்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: மொத்த எண்ணிக்கை வேறு, நூற்றுக்கு இத்தனை என்பது வேறு. ஆள் வேறு, இணைப்பு வேறு. இந்த வேறுபாடு மனதில் நின்றால் இனி வருவது எல்லாமே சுலபம்.

நிறம் பூசிய வரைபடம்

நாம் அதிகம் பார்ப்பது இந்த வகை. மாவட்டத்துக்கு மாவட்டம், நாட்டுக்கு நாடு, அளவு கூடக் கூட நிறம் அடர்ந்துகொண்டே போகும். தேர்தல் முடிவு, மழை அளவு, கொரோனா எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் இதைத்தான் போட்டார்கள். இதற்குப் பெயர் கோரோப்ளெத். ரொம்பப் பழைய உத்தி. பிரான்ஸ் நாட்டில் எந்தப் பகுதியில் எவ்வளவு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று காட்ட சார்ல் துய்ப்பேன் என்பவர் 1826-லேயே இப்படி ஒரு வரைபடம் போட்டார். கல்வி குறைந்த இடம் கறுப்பு, கூடிய இடம் வெளுப்பு. இருட்டு என்றால் பின்தங்கியது என்று நம் கண் எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவ்வளவு பழையது.

இதில் இருக்கும் கோளாறு என்னவென்றால், நிலத்துக்கு நிறம் பூசுகிறோம், ஆனால் நெட் பார்ப்பது நிலம் இல்லை. கிரீன்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 21 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், அங்கே வாழ்பவர்கள் ஏறக்குறைய 56,000 பேர். நம் ஊர்ப் பக்கம் ஒரு சின்ன நகராட்சிக்குள் அடங்கிவிடுவார்கள். வங்கதேசத்தின் பரப்பு ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் ஏறக்குறைய 17 கோடி பேர் வாழ்கிறார்கள். நிறம் பூசிய வரைபடத்தில் கிரீன்லாந்து தட்டு நிறைய நிறம், வங்கதேசம் ஒரு கடுகு. போதாக்குறைக்கு வகுப்பறைச் சுவரில் தொங்கும் மெர்கேட்டர் வரைபடத்தில் துருவத்துக்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் ஊதிப் பெருத்துத் தெரியும். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாக நிற்கிறது. உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு.

இன்னொன்று, நிறத்தை எங்கே மாற்றுகிறோம் என்பது. 34 மார்க் வாங்கினவன் பெயில், 35 வாங்கினவன் பாஸ். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு மார்க்தான், ஆனால் ஒருவன் வீட்டில் அழுகை, இன்னொருவன் வீட்டில் கேசரி. வரைபடத்திலும் அப்படித்தான். 40 சதவீதத்துக்குக் கீழே மஞ்சள், மேலே சிவப்பு என்று வைத்துவிட்டால் 39-உம் 41-உம் ஏதோ வேறு வேறு உலகம் மாதிரி தெரியும், 41-உம் 79-உம் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பது வரைபவரின் முடிவு. மூலையில் இருக்கும் நிறக் கட்டத்தைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்தால் அந்த முடிவு நம் கண்ணில் படவே படாது.

உப்பும் நாடு, சுருங்கும் நாடு

சரி, நிலம் பெரிதாக இருப்பதுதான் பிரச்சினை என்றால் நிலத்தையே மாற்றி வரைந்தால் என்ன? இணையம் பயன்படுத்துபவர்கள் அதிகமாக உள்ள நாட்டைப் பெரிதாகவும், குறைவாக உள்ள நாட்டைச் சிறிதாகவும்? அதுதான் கார்டோகிராம். இடத்தின் பரப்பை அதன் கணக்குக்கு ஏற்றபடி உப்பவோ சுருங்கவோ வைத்த வரைபடம். எனக்கு இந்த வகைமேல் தனிப் பிரியம் உண்டு, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதல் தடவை பார்த்தால் ஈர மாவில் யாரோ கை வைத்து அழுத்தின மாதிரி இருக்கும். ஆனால் அது கை போன போக்கில் வரைந்தது இல்லை. எப்படி வருகிறது என்பதற்கு ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் கயிறு கட்டிப் பத்துச் சம கட்டமாகப் பிரித்திருக்கிறோம். ஒரு கட்டத்தில் 100 பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள், மற்றதில் எல்லாம் அஞ்சு அஞ்சு பேர். இப்போது மைக்கில் சொல்கிறோம்: "எல்லோரும் ஒருத்தருக்கொருத்தர் ஒரே இடைவெளி விட்டு நில்லுங்கள், ஆனால் யாரும் கயிறைத் தாண்டக் கூடாது." என்ன நடக்கும்? நெருக்கத்தில் இருப்பவர்கள் வெளிப்பக்கமாக நகர்வார்கள், கயிறையும் கூடவே தள்ளிக்கொண்டு போவார்கள். பக்கத்துக் கட்டங்கள் ஒடுங்கும். எல்லோருக்கும் ஒரே இடைவெளி கிடைத்ததும் கூட்டம் நின்றுவிடும். அப்போது தரையில் கிடக்கும் கயிறின் கோலம்தான் கார்டோகிராம். நூறு பேர் கட்டம் உப்பியிருக்கும், அஞ்சு பேர் கட்டம் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் எந்தக் கட்டத்துக்கு எது அண்டை வீடு என்பது மாறியிருக்காது.

இயற்பியலில் இதற்குப் பெயர் பரவுதல். நெருக்கமான இடத்திலிருந்து தளர்வான இடத்துக்குப் பொருள் தானாக நகர்ந்து சமமாவது. ஊதுவத்தி வாசனை அறை முழுக்கப் பரவுவதும் இதே விதிதான். மைக்கேல் காஸ்ட்னர், மார்க் நியூமன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 2004-இல் இந்த விதியை வைத்தே நாட்டு எல்லைகளை நகர்த்தும் கணக்கு முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் வந்த கார்டோகிராம்களில் நாடுகள் அடையாளமே தெரியாமல் கோணிப்போவது சகஜம். இந்த முறையில் கோணல் இருந்தாலும் இது ஜப்பான், இது இத்தாலி என்று கண் கண்டுபிடித்துவிடும்.

ஆக்ஸ்போர்ட் இணைய ஆய்வு நிறுவனத்தின் மார்க் கிரஹாம், ஸ்டெஃபானோ டி சபாட்டா இருவரும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துச் செய்த உலகப் படம் எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் நல்ல உதாரணம். அதில் நாட்டின் அளவு எத்தனை பேர் என்பதைச் சொல்கிறது, நிறத்தின் அடர்த்தி நூற்றுக்கு எத்தனை பேர் என்பதைச் சொல்கிறது. மேலத்தெரு கீழத்தெரு விஷயம் இரண்டும் ஒரே தாளில் வந்துவிடுகிறது பாருங்கள். சீனா பெருத்து நிற்கிறது. அவ்வளவு பெரிய ரஷ்யாவும் கனடாவும் மெலிந்துபோகின்றன, சின்னத் தென்கொரியா புடைத்து நிற்கிறது. இந்தியா பெரிய உருவம், ஆனால் வெளிறிய நிறம். ஆள் ஏராளம், விகிதம் குறைவு என்பது பார்த்த உடனே புரிகிறது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கண்டமே ஒடுங்கி நிற்பதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ஒரு நீளமான புள்ளிவிவர அட்டவணையைப் பார்த்து யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லை. கலையழகோடு வரைவதற்கு என்ன அவசியம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் அதுதான்.

சுருக்கமாக: கோரோப்ளெத்தில் நிலம் அப்படியே இருக்கும், நிறம் மாறும். கார்டோகிராமில் நிலமே கணக்குக்கு ஏற்றபடி மாறும். நல்ல படம் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும்.

அந்த நீலப் படம் எப்படி வந்தது

இப்போது அண்ணன் மகளின் சார்ட்டுக்கு வருவோம். அதை வரைந்தவர் பால் பட்லர், அப்போது ஃபேஸ்புக்கில் இன்டர்னாக இருந்தவர். அவர் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய ஒரு கோடி நண்பர் ஜோடிகள். இணையப் பயன்பாடு இல்லை, ஃபேஸ்புக் நட்பு மட்டும்.

ஜோடி என்றால், மதுரையில் இருக்கும் ஒருவருக்கு துபாயில் ஒரு நண்பர் இருந்தால் மதுரை–துபாய் என்ற கணக்கில் ஒன்று கூடும். இப்படி ஊருக்கு ஊர் எத்தனை நட்பு என்று கூட்டி, அந்த ஊர்களை அட்சரேகை தீர்க்கரேகை வைத்துத் திரையில் குறித்து, நடுவில் கோடு இழுத்தார். முதல் தடவை படம் வரவில்லை. நடுவில் ஒரு பெரிய வெள்ளைத் திட்டுதான் வந்தது, ஏனென்றால் ஒரே ஒரு நட்பு உள்ள ஊர் ஜோடிக்கும் ஒரு கோடு, பல்லாயிரம் நட்பு உள்ள ஜோடிக்கும் ஒரு கோடு. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மூடிவிட்டன.

அடுத்து அவர் செய்ததுதான் கைவேலை. நட்பு எத்தனை, ஊர்கள் எவ்வளவு தூரம் என்று இரண்டையும் வைத்து ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு எடை கொடுத்தார். எடை என்றால் இங்கே முக்கியத்துவத்துக்கான எண், அவ்வளவுதான். எடை குறைந்தால் மங்கல் நீலம், கூடினால் வெள்ளை. கோலமாவைத் தூவினால் ஒரு கிள்ளு மாவு தரையில் தெரியவே தெரியாது, அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தூவினால் பளிச்சென்று வெளுக்கும், அந்த மாதிரி. அப்புறம் நேர்க்கோட்டை விட்டுவிட்டு பெருவட்டக் கோடு போட்டார். உருண்டை பூமியின் மேல் இரண்டு ஊருக்கு நடுவில் நூலை இழுத்துப் பிடித்தால் அது எந்த வழியாகப் போகுமோ அந்த வழி, விமானம் போகும் வழி. தட்டையான தாளில் அது வில் மாதிரி வளைந்து தெரியும்.

இவ்வளவும் செய்ததும் உலகம் தெரிந்தது. அவர் கடற்கரையை வரையவே இல்லை. நாட்டு எல்லையையும் வரையவில்லை. எந்தெந்த ஊரில் ஆட்கள் இருக்கிறார்களோ அந்தப் புள்ளிகள் சேர்ந்து தாமாகவே கரையை வரைந்துவிட்டன. எத்தனை தடவை பார்த்தாலும் அது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இருட்டுக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. சீனாவில் ஃபேஸ்புக்கை 2009-லேயே தடுத்துவிட்டார்கள். ரஷ்யர்கள் வி கான்டாக்டே என்ற சொந்தத் தளத்தில் இருந்தார்கள். பிரேசில்காரர்கள் பெருங்கூட்டமாக ஆர்குட் என்ற இன்னொரு சமூக வலைத்தளத்தில் இருந்தார்கள். நம்மிலும் எத்தனை பேர் அப்போது ஆர்குட்டில் ஸ்க்ராப் எழுதிக்கொண்டிருந்தோம்! அதே வருஷம் ஆர்குட் நட்புகளை வைத்து ஒரு படம் போட்டிருந்தால் பிரேசில் தீபாவளி மாதிரி எரிந்திருக்கும், ஐரோப்பா மங்கியிருக்கும்.

கதவைத் தட்டிப் பார்க்கும் வரைபடம்

இன்னொரு வகைப் படத்தில் கோடு இருக்காது, உலகம் முழுக்கப் புள்ளிகள்தான். இணையத்தில் இணைந்த கருவிகளைத் தேடித் தரும் ஷோடன் தேடுபொறியை உருவாக்கிய ஜான் மேதர்லி 2014-இல் வெளியிட்டது அதில் பிரபலம். இணையத்தில் உள்ள கருவிகளுக்கெல்லாம் பிங் அனுப்பினார். பிங் என்றால் வாசலில் நின்று "வீட்ல யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பது. பதில் வந்தால் அங்கே ஒரு புள்ளி. கூப்பிட்டு முடிக்க ஏறக்குறைய 5 மணி நேரம், படம் வரைய இன்னும் 12 மணி நேரம் ஆனது.

இது ஃபேஸ்புக்கை மட்டும் பார்க்கவில்லை, எல்லாக் கருவியையும் பார்க்கிறது, அப்படியானால் இதுதானே உண்மையான படம் என்று தோன்றும். இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் வெளியிலிருந்து கூப்பிட ஒரு எண் வேண்டும், அதுதான் ஐபி முகவரி. பழைய முறை முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 430 கோடிதான், உலகத்துக்குப் போதவில்லை. அதனால் செல்போன் கம்பெனிகள் ஒரே முகவரிக்குப் பின்னால் பல பேரை வைக்கின்றன. 200 வீடு உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரே ஒரு வாசல் இருக்கிற மாதிரி. வாசலில் நின்று கூப்பிட்டால் வாட்ச்மேன் ஒருவர்தான் பதில் சொல்வார், உள்ளே இருக்கும் 200 குடும்பம் கணக்கில் வராது. வீட்டுக்கு வீடு வயர் போட்டு மோடம் வைத்திருக்கும் நாடுகள் இந்தப் படத்தில் எரியும். எல்லாமே கைபேசி, ரீசார்ஜ், ஹாட்ஸ்பாட் என்று ஓடும் இந்தியாவும் ஆப்பிரிக்க நாடுகளும் உள்ளதைவிட மங்கலாகத் தெரியும்.

புள்ளி விழும் இடமும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கும்பகோணத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நெட் பார்த்தால் எனக்குச் "சென்னை வானிலை" காட்டும். ஐபி முகவரியை வைத்து ஊரைச் சொல்வது ஊகம்தான். அந்த ஊகம் எவ்வளவு தூரம் தப்பும் என்பதற்கு அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு சாட்சி. இடம் சொல்லும் ஒரு நிறுவனம், "அமெரிக்கா என்று மட்டும் தெரியும், ஊர் தெரியாது" என்கிற முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியை வைத்துவிட்டது. அது போய் விழுந்த இடம் அந்த வீடு. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த ஒரே வாசலைக் காட்டின. காணாமல் போன பிள்ளைகளைத் தேடியும் திருடனைத் தேடியும் வருஷக்கணக்காகப் போலீஸ் அங்கே வந்து நின்றது. 2016-இல் பத்திரிகை வழியாக விஷயம் வெளியே வந்த பிறகுதான் அந்தப் புள்ளியை ஒரு ஏரிக்கு மாற்றினார்கள். இந்த மாதிரித் தரவை வைத்து ஒரு ஒளிப்படம் வரைந்தால் அந்தப் பண்ணை நியூயார்க் நகரத்தைவிடப் பிரகாசமாக எரியும்.

நாட்டுக்கு நாடு இணையத்தைக் கொண்டுபோகும் கடலடி கேபிள்களின் வரைபடத்தையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சென்னைக் கரையில் வந்து ஏறும் கோடுகளையும், 2020-இல் சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போட்ட கேபிளையும் அதில் அழகாகக் காட்டுவார்கள். அது பாதையைச் சொல்கிறது. அந்தப் பாதையில் யார் எவ்வளவு போகிறார்கள் என்பது அதில் இல்லை.

ஆக, நட்பை எண்ணினால் ஒரு உலகம், பிங் பதிலை எண்ணினால் இன்னொரு உலகம், கேபிளை வரைந்தால் மூன்றாவது.

ஒரே வீட்டுக்குள் இருக்கும் இருட்டு

இதுவரை பார்த்த எல்லாப் படத்திலும் ஒரு ஊருக்கு ஒரு நிறம், ஒரு நாட்டுக்கு ஒரு அளவு. ஆனால் அந்த ஊருக்குள் யாரிடம் போன் இருக்கிறது? 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களிடம் எப்போதாவது இணையம் பயன்படுத்தியது உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்று சொன்ன ஆண்கள் நூற்றுக்கு 57.1. பெண்கள் 33.3. ஒரே நாடு, ஒரே டவர், பல நேரம் ஒரே வீடு.

நிறம் பூசிய வரைபடத்தில் இது தெரியவே தெரியாது. இரண்டையும் கலந்து நடுவில் ஏதோ ஒரு நிறம் வரும், அப்படி ஒரு நிறத்தில் யாருமே வாழவில்லை. அதனால் அண்ணன் மகளிடம் பழைய படத்தைக் கிழிக்க வேண்டாம், கீழே "ஃபேஸ்புக் நட்பு, 2010" என்று மட்டும் எழுதிவிடு, பக்கத்தில் நாம் ஒன்று வரையலாம் என்றேன். இரண்டு இந்தியா, பக்கத்தில் பக்கத்தில். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பத்து ஆளுக்கு ஒரு கட்டம் என்று அளவு வைத்து கிராஃப் தாளில் அவளே வெட்டினாள். முதல் இந்தியா நூறு ஆளுக்கு ஏறக்குறைய அஞ்சே முக்கால் கட்டம், இரண்டாவது மூன்றேகால் கட்டத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டையும் ஒட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சின்ன இந்தியாவுக்குள் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, "இது பாட்டி, வெளியில வைக்கணுமா உள்ள வைக்கணுமா?" என்று கேட்டாள்.